தாழ்ப்பாள் இருக்கிறதா?

உத்தனப்பள்ளி என்று ஓர் ஊர் இருப்பது நேயர்களில் பலருக்குத் தெரிந்திராது. அதற்காக அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. எங்கள் ஊரும் அதற்காக வருத்தப்படவில்லை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் சாலையில் பஸ் சற்று நின்று மூச்சு வாங்கிக் கொள்ளும் இடம் அது. சுற்றிலும் தக்காளித் தோட்டங்கள், ராகிக் கொல்லைகள், ரோஜாச் செடிகளுக்காகப் போட்ட வெள்ளைக் கூடாரங்கள். கிருஷ்ணகிரி ஜில்லாவின் இந்த மூலையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக் கொள்ளும். ராஜாஜி 1878-ல் பிறந்த தொரப்பள்ளி கிராமம் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான். 1791-ல் மைசூர் யுத்தத்தின் போது கும்பினியார் பிடித்த ராயக்கோட்டைக் குன்று எங்கள் அண்டை ஊர்ச் சொத்து.

இவ்வளவு பெருமையும் இருந்தும், முன்பெல்லாம் எங்கள் ஊருக்கு வந்து தங்குகிறவர் யாரும் கிடையாது. வந்தவர்கள் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். கடந்த சில ஆண்டுகளில் அந்த நிலைமை மாறிவிட்டது. ஓசூரைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகள் மெல்ல மெல்ல எங்கள் பக்கம் நகர்ந்து வந்தன. அவற்றில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் ரயிலேறி வந்தார்கள். ராகி விளைந்த கொல்லைகளில் வாடகை விளைய ஆரம்பித்தது. நாலு காசு கையில் உள்ளவர்களெல்லாம் வரிசையாக எட்டு அறை, பத்து அறை என்று தகரக் கூரை போட்டுக் கட்டினார்கள். அவற்றுக்கு எங்கள் ஊரில் 'லைன் வீடு' என்று பெயர்.

என் நண்பர் உரக்கடைக்காரருக்கும் இப்படி ஒரு லைன் வீடு உண்டு. அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. வியாபாரம் பேசுவது கன்னடம். கணக்கு எழுதுவது தமிழ். மூன்று பாஷையிலும் அவருக்குப் பிடித்த வார்த்தை 'முன்பணம்.' முகம் பிடிக்காதவர்கள் அறை கேட்டு வந்தால் இரண்டாவதாக ஒரு வார்த்தை சொல்வார்: "இடமில்லை."

2025 நவம்பரில் எங்கள் ஊரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. அருகே தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த பெரிய விடுதி ஒன்றில், குளியலறைக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த படக்கருவியைப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான், இரவென்றும் பாராமல் திரள் திரளாக வெளியே வந்து நியாயம் கேட்டார்கள். போலீசார் வந்தார்கள், கைதும் நடந்தது. பாஷை தெரியாத ஊரில், பெற்றோரை ஆயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த பெண்கள் அன்று கேட்டது மெத்தையுமில்லை, மின்விசிறியுமில்லை. கதவைச் சாத்தினால் அது சாத்தியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

இதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் நாங்கள் நால்வரும் கடல் கடந்து பிரயாணம் புறப்பட்டோம். நால்வர் என்றால்: தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற அடியேன், என் மனைவி, அவளுடைய சிநேகிதியும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஓய்வு பெற்ற தலைமையாசிரியையுமான டீச்சர், மேற்சொன்ன உரக்கடைக்காரர். உரக்கடைக்காரர் ஐந்தாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவர். ஆகவே ஐம்பது வயதிலும் டீச்சருக்கு அவர் 'நீ' தான். அவருக்கு டீச்சர் முன்னால் நாற்காலியில் சாய்ந்து உட்காரத் தைரியம் கிடையாது.

சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு என்று திட்டம். விமான டிக்கெட், விசா இவற்றை என் மகன் பெங்களூரிலிருந்து கவனித்துக் கொண்டான். ஜாகை ஏற்பாடு பண்ணும் பொறுப்பை உரக்கடைக்காரர் தாமாகவே ஏற்றுக் கொண்டார். "வாடகை விஷயம் நமக்குத் தெரியாதா, போஸ்ட்மாஸ்டர் ஸார்?" என்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாடகை வாங்கும் விஷயம். கொடுக்கும் விஷயம் அல்ல. அது எங்களுக்குப் பிறகுதான் விளங்கிற்று.

பெங்களூர் நகரத்தைக் குறுக்கே தாண்டித் தேவனஹள்ளி விமான நிலையத்தை அடைவதற்குள், ஆகாய விமானத்தில் பாதிக் கடலைத் தாண்டிவிடலாம் என்று தோன்றிற்று. விமானத்தில் நாலரை மணி நேரம். சிங்கப்பூரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. மழையும் பிடித்துக் கொண்டது. மார்கழி மாதத்தில் அங்கே நல்ல மழைக் காலம் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

உரக்கடைக்காரர் ஏற்பாடு செய்த ஜாகை ஓர் அடுக்குமாடி வீடு. அவர் கடைக்குப் பூச்சிமருந்து கொண்டு வருகிறவருடைய மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர், ஹோட்டல் வாடகையில் பாதிக்கு மூன்று இரவுகள் தங்க இடம் தருவதாகக் கைப்பேசியில் பேசி, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக் கொண்டிருந்தார். முன்பணம் கொடுக்கும்போது உரக்கடைக்காரரின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிரயாணச் செலவில் பாதி அப்போதே வசூலாகியிருக்கும்.

கட்டடத்தின் வாசலில் அந்த மனிதர் குடை பிடித்துக் கொண்டு நின்றார். முகமன் சொன்ன கையோடு தணிந்த குரலில் ஒரு விஷயம் சொன்னார்: "கீழே காவலாளி கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடுங்கள். பெட்டிகளை ஒரேயடியாகக் கொண்டு வர வேண்டாம்; ஒவ்வொன்றாக எடுத்து வாருங்கள்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து கொண்டார். அந்தச் சைகையின் அர்த்தம் உரக்கடைக்காரருக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

"முதலில் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லி, என் மனைவியையும் அழைத்துக் கொண்டு மேலே போனார். ஐந்து நிமிஷத்தில் இருவரும் திரும்பிவிட்டார்கள்.

"கூடத்தில் ஒரு திரை போட்டிருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம் யாரோ மூன்று ஆண்கள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கேட்டால், 'உடைந்துவிட்டது, யாரும் வரமாட்டார்கள்' என்கிறார்" என்றாள் என் மனைவி.

"டீச்சர், மூன்று ராத்திரிதானே..." என்று உரக்கடைக்காரர் இழுத்தார்.

"பொய் சொல்லிவிட்டு நுழைய வேண்டிய வீட்டில், தாழ்ப்பாள் இல்லாத அறையில், நான் ஒரு ராத்திரி கூடத் தங்கமாட்டேன். உனக்கு முன்பணம் பெரிதானால் நீ போய்ப் படுத்துக் கொள்" என்றார் டீச்சர்.

முன்பணம் போயிற்று. மழையில் நாலு பெட்டிகளோடு நாங்கள் நின்றோம். கையில் பணமிருந்தும், நாலு பேர் கூட இருந்தும், இரவில் தலை சாய்க்க இடமில்லை என்ற நினைப்பு வந்தவுடன் மனுஷன் எவ்வளவு சிறுத்துப் போகிறான் என்பதை நான் அன்றுதான் தெரிந்து கொண்டேன். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் பிறருக்கு விலாசம் தேடிக் கொடுத்தவனுக்கு அன்று விலாசமில்லை.

ஒரு வாடகைக் காரில் ஏறிச் சிராங்கூன் சாலைக்குப் போனோம். அங்கே வீரமாகாளியம்மன் கோவிலும், சீனிவாசப் பெருமாள் கோவிலும், தமிழ்ப் பெயர்ப் பலகைகளும் உண்டு என்பது மட்டும் தெரியும். கோவில் நடை சாத்தியாகிவிட்டது. ஆனால் சந்துக்குச் சந்து சிறிய ஹோட்டல்கள் விளக்குப் போட்டிருந்தன. மூன்றாவது ஹோட்டலில் இரண்டு அறைகள் கிடைத்தன. ஓர் அறைக்கு இரவொன்றுக்கு நூறு வெள்ளிக்கு மேல். (சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள்.) அறைக்கு ஜன்னல் கிடையாது, படுக்கையைச் சுற்றி நடக்க இடமும் கிடையாது. எங்கள் ஊர் மண்டியில் தக்காளிப் பெட்டி அடுக்கும் அறை இதைவிட விசாலம். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. அதன் பின்னால் சங்கிலியும் இருந்தது.

மேஜை எதிரில் உட்கார்ந்திருந்த தமிழ்ச் சிப்பந்தி எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துப் பதிவு செய்து கொண்டு உடனே திருப்பிக் கொடுத்தார். எங்கள் கதையைக் கேட்டு, "நல்ல வேளை, அம்மா! இங்கே தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. 2017-லிருந்து இதுதான் சட்டம். அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் ஆறு மாதம். அங்கே நீங்கள் தங்கியிருந்து சோதனை வந்திருந்தால், ராத்திரியில் வெளியே நிற்பது மட்டுமல்ல, பதிலும் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

அப்போதுதான் அந்தப் பாதி வாடகையின் ரகசியம் எங்களுக்குப் புரிந்தது. கடையில் பாதி விலைக்குப் பட்டுச் சேலை கிடைத்தால் சாயம் போகும் என்று பெண்களுக்குத் தெரியும். அயல் நாட்டில் பாதி விலைக்கு அறை கிடைத்தால், குறைந்து போன மற்றப் பாதி எது என்று கேட்க வேண்டும். சட்டம் குறைந்திருக்கலாம், தாழ்ப்பாள் குறைந்திருக்கலாம், ஆபத்துக் காலத்தில் ஓடிவர ஒரு மனிதர் குறைந்திருக்கலாம்.

அன்றிரவு நால்வரும் பெண்களின் அறையில் கூடி, கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். உரக்கடைக்காரர் வாய் திறக்கவில்லை. டீச்சரே பேச்சை ஆரம்பித்தார்.

"1893-ல் காந்தி தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவுக்குப் போனார், தெரியுமா? வழியில் ஜோஹானஸ்பர்க்கில் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போய் அறை கேட்டார். மானேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிகவும் வருந்துகிறேன், இடமில்லை என்றார். இடமில்லாமல் போனது அந்த மனிதரின் மனத்தில். பிறகு பிரிட்டோரியாவில், முன்பின் தெரியாத ஓர் அமெரிக்க நீக்ரோ அவரை ஜான்ஸ்டன் என்பவருடைய சிறிய ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். ஜான்ஸ்டன் இடம் கொடுத்தார். ஆனால் மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து, சாப்பாட்டை மட்டும் அறையிலேயே வைத்துக் கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. மற்றவர்களைக் கேட்டார், அவர்கள் ஆட்சேபிக்கவில்லை. திரும்பி வந்து, எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடலாம் வாருங்கள் என்று கூப்பிட்டார். ஹோட்டல் பெரிதா சிறிதா என்பது பேச்சில்லை. ஜான்ஸ்டன் கேட்டாரே, அதுதான் பேச்சு."

உரக்கடைக்காரர் புளியோதரையைப் பார்த்துக் கொண்டே, "எதற்கு டீச்சர் இந்தக் கதை?" என்றார்.

"சும்மாத்தான். இடமில்லை என்று சொல்கிறவர்கள் எங்கே இருந்தாலும் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நான் ஆசைப்பட்ட இடம் ஒன்று உண்டு: மார்க்கெட் தெரு. இன்று போய்ப் பார்த்தால் வானத்தை முட்டும் கட்டடங்கள்தான் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் நம் நகரத்தார் சமூகம் கடல் கடந்து வந்து தங்கித் தொழில் செய்த கிட்டங்கிகள் இந்தத் தெருவில் இருந்தன. கிட்டங்கி என்பது நீளமான ஒரு கட்டடம். இரண்டு பக்கமும் வரிசையாக, ஆளுக்கு ஒரு பெட்டியும் ஒரு சிறு மேஜையும் பாய் விரிக்கும் அளவு இடமும். பகலில் அது கொடுக்கல் வாங்கல் நடக்கும் கடை. இரவில் அதுவே படுக்கை. சமையல் பொதுவில். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் இப்படி வருஷக் கணக்கில் இருந்தார்கள். அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோவில் 1859-லிருந்து டாங்க் ரோட்டில் இருக்கிறது. கிட்டங்கிகள் 1970-களில் நகரத்தைப் புதுப்பித்தபோது மறைந்தன.

கிட்டங்கியில் சௌகரியம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் பத்திரம் இருந்தது. புதிதாகக் கப்பலில் வந்திறங்கும் பையன் யார், எந்த ஊர், யார் மகன் என்பது உள்ளே எல்லோருக்கும் தெரியும். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வரும். அவன் ராத்திரி நேரம் கழித்து வந்தால் கேள்வியும் வரும். அயல் நாட்டில் குறைந்த செலவில் பத்திரமாகத் தங்குவது என்பதை நம்மவர்கள் விடுதி ஏஜெண்டுகளிடம் கற்றுக் கொள்ளவில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே தாங்களே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறி, 1924-ல் திறந்த ஜோகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் போனோம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமலே அங்கே அனுமதி கிடைத்து வருகிறது. புறப்படுமுன் கைப்பேசியில் வருகைப் படிவத்தை நிரப்பினால் போதும். அதில் தங்குமிடத்தின் விலாசம் கேட்கிறார்கள். இந்த முறை விலாசத்தை டீச்சர்தான் எழுதினார். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற தமிழர் நிறைந்த பகுதியில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சாதாரண ஹோட்டல். பெண்கள் இருவருக்கும் ஓர் அறை, ஆண்கள் இருவருக்கும் ஓர் அறை. காலைப் பலகாரம் வாடகையோடு சேர்ந்தது. அயல் நாட்டார் ஒவ்வொரு அறைக்கும் இரவொன்றுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும் என்ற சட்டம் 2017-லிருந்து உண்டு. அதை வாங்கிக் கொண்டு ரசீது கொடுத்தார்கள். "வரி வாங்குகிறவன் ஒளிந்து கொண்டு நடத்தவில்லை என்று அர்த்தம்" என்றார் டீச்சர். வரி கட்டுவதில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று உரக்கடைக்காரர் பிரமித்துப் போனார்.

பத்து மலைக்குப் போய் 272 படிகளையும் ஏறி முருகனைத் தரிசித்தோம். அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது அன்று இரவு நடந்ததை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எங்கள் மேஜையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். எண்பது வயதிருக்கும். எங்கள் பேச்சில் ஊர் வாசனையைக் கண்டுபிடித்து, எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அவருடைய பாட்டனார் சேலத்துச் சீமையிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவராம். ஒப்பந்தக் கூலியாக ஆட்களைக் கொண்டு வரும் முறை 1910-ல் நின்றது. பிறகு கங்காணிகள் ஊர் ஊராக ஆள் திரட்டினார்கள். அதுவும் 1938-ல் நின்றது. அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலின் மேல்தட்டில் மூட்டை முடிச்சோடு வந்தவர்களுக்குத் தோட்டத்தில் கொடுத்த ஜாகையைப் பற்றிக் கேட்டேன்.

"லயம்" என்றார் பெரியவர். "நான் லயத்தில் பிறந்தவன்தான். நீளமாக ஒரு கொட்டகை. குறுக்கே தடுத்துத் தடுத்து அறைகள். ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு குடும்பம். தடுப்பு கூரைவரை போகாது. பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டுக் குழந்தை விழித்துக் கொள்ளும். கக்கூஸ் எங்கேயோ தூரத்தில். எங்கள் அம்மா இருட்டும்வரை காத்திருப்பாள். இருட்டிய பிறகு பயந்து கொண்டு போவாள். நான் வளர்ந்து சம்பாதித்துச் சொந்தமாக வீடு கட்டினபோது, அம்மாவைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். 'எனக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் கொள்கிற மாதிரி ஒரு குளியலறை கட்டிக் கொடுடா' என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை."

பெரியவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். உரக்கடைக்காரர் தம் இலையில் இருந்ததைச் சாப்பிடாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக என்னைக் கேட்டார்: "போஸ்ட்மாஸ்டர் ஸார், நம் ஊரில் நாம் 'லைன் வீடு' என்கிறோமே, அதுவும் இவர் சொல்கிற லயமும் ஒரே வார்த்தைதானோ?"

"ஒரே வார்த்தைதான்" என்றேன்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த். அங்கிருந்து படகில் பினாங்குத் தீவு. ஜார்ஜ் டவுன் என்னும் அந்தப் பழைய நகரத்தை 2008-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சோழ மண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வியாபாரிகளின் பெயரால் அங்கே சூலியா தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும், 1833-ல் எழுந்த மாரியம்மன் கோவிலும், சீனர் கோவில்களும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில். மூன்று பாஷைத் திண்ணையிலிருந்து போன எங்களுக்கு அந்தத் தெருக்கள் அந்நியமாகத் தோன்றவில்லை.

அங்கே நாங்கள் தங்கியது ஒரு பழைய கடைவீட்டைப் பழுது பார்த்து நடத்தும் சிறு விடுதி. நடத்துகிறவர் ஒரு சீனப் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம். தமிழில் 'வாங்க', 'சாப்பிட்டாச்சா' இரண்டும் தெரியும். பாட்டி எங்களை வரவேற்ற விதம்தான் இந்தப் பிரயாணத்தின் பாடம். முதலில் அறையைக் காட்டவில்லை, வாடகையும் பேசவில்லை. என் மனைவியையும் டீச்சரையும் கையைப் பிடித்து அழைத்துக் கொண்டு போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். தாழ்ப்பாளைத் தாமே ஒரு முறை போட்டு எடுத்துக் காட்டினார். பிறகு அவர்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அடுத்தபடி, தீப்பிடித்தால் ஓட வேண்டிய பின்வாசல். அடுத்து, சாமான் வைத்துப் பூட்டும் பெட்டி. சாவி எங்கள் கையில். இரவு பதினொரு மணிக்கு முன்வாசலைப் பூட்டுவேன், பிந்தி வந்தால் இந்த மணியை அடியுங்கள், நான் விழித்துத்தான் இருப்பேன் என்றார். கடைசியில், விடுதியின் விலாசத்தை மலாயிலும் சீனத்திலும் எழுதின ஒரு சீட்டை ஆளுக்கொன்று கொடுத்தார். வழி தவறினால் வண்டிக்காரரிடம் காட்ட வேண்டியது அதை. இவ்வளவும் ஆன பிறகே வாடகைப் பேச்சு. அது சிங்கப்பூரில் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு.

"அதே பாதி விலை! ஆனால் இங்கே ஒன்றும் குறையவில்லையே?" என்றார் உரக்கடைக்காரர்.

"இங்கே குறைந்தது ஊரின் விலைவாசி, அங்கே குறைந்தது வீட்டுக்காரரின் யோக்கியதை. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்" என்றார் டீச்சர்.

சிநேகிதர்களோடு அயல் நாடு போக நினைக்கும் நேயர்களுக்கு எங்கள் அனுபவத்தின் சாரத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் இரவுக்கான ஜாகையை, அது சற்று விலை கூடினாலும், உரிமம் பெற்ற ஹோட்டலில் ஊரிலிருந்தே ஏற்பாடு செய்து கொள்ளுங்கள். மற்ற இரவுகளுக்கு நேரில் பார்த்து மலிவானதைத் தேடலாம். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேரும்படி பிரயாணத்தை வகுத்துக் கொள்ளுங்கள். வரியும் கட்டணமும் சேர்த்து மொத்தத் தொகை என்ன என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டலாம், பதிவு செய்து கொள்ளக் கொடுக்கலாம், நாள் முழுவதும் பிறர் வசம் விடக் கூடாது. நம் நாட்டு 1967-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது நமக்குக் கூடச் சொந்தமில்லை, இந்திய சர்க்காரின் சொத்து. ஆகவே அதை அடகு பிடித்து வைத்துக் கொள்ள விடுதிக்காரருக்கு உரிமையில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் போலீஸைக் கூப்பிட 999. நாலு பேரில் யாருக்கேனும் ஓர் இடம் மனசுக்கு ஒப்பவில்லையென்றால், காரணம் கேட்டு வாதாடாமல் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் பெண்கள் சொன்னதை நாங்கள் கேட்டோம்; முன்பணம் போயிற்று, மற்றது எதுவும் போகவில்லை.

உத்தனப்பள்ளிக்குத் திரும்பி வந்தோம். தை பிறக்க இரண்டு நாள் இருந்தது. மறுநாள் காலையில் நான் கடைத்தெருப் பக்கம் போனபோது உரக்கடை சாத்தியிருந்தது. விடுமுறை நாளில் கூடப் பின்கதவைத் திறந்து வியாபாரம் செய்கிறவர் அவர். விசாரித்ததில், லைன் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு தச்சரும் ஒரு மின்சார வேலைக்காரரும் வேலை செய்து கொண்டிருந்தார்கள். உரக்கடைக்காரர் கையில் ஒரு பை நிறையத் தாழ்ப்பாள்கள்.

"எட்டு அறை, இரண்டு குளியலறை. ஒன்றுக்குக் கூட உள்ளே ஒழுங்கான தாழ்ப்பாள் இல்லை, ஸார். மூன்று வருஷமாக வாடகை வாங்கிக் கொண்டிருக்கிறேன். ஒரு நாள் கூட உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்ததில்லை" என்றார். அவர் குரல் சரியாக இல்லை.

டீச்சரும் வந்து சேர்ந்தார். குளியலறைச் சுவர், கூரை, விளக்குக் குமிழ் எல்லாவற்றையும் பரீட்சைத் தாள் திருத்துவது போல் பார்த்தார். குளியலறைக்குப் போகும் வழியில் இன்னொரு விளக்குப் போடச் சொன்னார். "பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த நம் ராஜ்யத்தில் 2014-லேயே சட்டம் வந்திருக்கிறது. உன்னுடையது வீடா, விடுதியா என்று கலெக்டர் ஆபீஸில் போய்க் கேட்டுத் தெரிந்து கொள். உரிமம் வேண்டுமென்றால் வாங்கு" என்றார். பெண்கள் உதவிக்கு அழைக்க வேண்டிய 181 என்ற எண்ணை ஒவ்வொரு கதவுக்கு உட்புறத்திலும் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டும்படி செய்தார்.

"இவ்வளவும் செய்தால் வாடகையில் நூறு ரூபாயாவது ஏற்ற வேண்டுமே, டீச்சர்?" என்றார் உரக்கடைக்காரர், பழைய பழக்கத்தில்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து கொண்டார். வாடகை ஏறவில்லை.

அன்று சாயங்காலம் ஓசூர் பஸ்ஸிலிருந்து மூன்று பெண்கள் இறங்கினார்கள். தோளில் பை, கையில் கயிறு கட்டின பெட்டி, காலில் இரண்டு நாள் ரயில் தூசி. ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள். தொழிற்சாலையில் ஒருத்திக்கு வேலை கிடைத்துவிட்டதாம்; மற்ற இருவரும் வேலை தேடி அவளோடு வந்திருக்கிறார்கள். டீக்கடையில் யாரோ காட்டிய வழியில் லைன் வீட்டுக்கு வந்து, மூவரில் மூத்தவள், "ரூம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அறிவேன். சிங்கப்பூர் மழையில் எங்கள் நால்வர் முகத்திலும் இருந்த பார்வை அது.

உரக்கடைக்காரர் முன்பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு ஹிந்தி வராது. அந்தப் பெண்ணைக் குளியலறைப் பக்கம் கை காட்டி அழைத்துப் போய், கதவைத் திறந்து, புதுத் தாழ்ப்பாளை ஒரு முறை போட்டு எடுத்துக் காட்டினார். பிறகு தள்ளி வந்து, என் பக்கத்தில் நின்று கொண்டு, நீயே போட்டுப் பார் என்று சைகை செய்தார்.

அவள் முதலில் தயங்கினாள். தோழிகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திறந்தாள், மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

உரக்கடைக்காரர் என் காதருகில் குனிந்து, "சத்தம் சரியாக இருக்கிறதா, போஸ்ட்மாஸ்டர் ஸார்?" என்று கேட்டார்.